எனக்குத் தெளிவா இல்லை

இளங்குமரன் கண் விழித்ததும் முதலில் மூக்குக் கண்ணாடியைத் தேடுவார். மாட்டிக்கொண்டு, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மனைவியைப் பார்ப்பார். பார்த்ததும் கேட்பார்.

"பாப்பா வந்துட்டாளா?"

"வந்துக்கிட்டே இருக்கா. சேலம் தாண்டிட்டாளாம்" என்பாள் சுகந்தி.

இந்தப் பொய்யை அவள் சொல்ல ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆய்வு மையத்துக்கு விடுமுறை, அதனால் அன்றைக்குப் பொய்க்கும் விடுமுறை. மற்றபடி ஒரு நாள் தவறியதில்லை. பாப்பா என்கிற நறுமுகை, நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிற பெண், அப்பாவின் ஆபரேஷனுக்கு முன்னால் அவரைப் பார்த்துவிட வேண்டும் என்று பெங்களூரிலிருந்து விடியுமுன்பே காரில் கிளம்பினாள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஒரு லாரி அவளை முடித்துவிட்டது. சேலத்தை அவள் தாண்டவே இல்லை. அன்று சாயங்காலமே ஆபரேஷன் மேஜையில் இளங்குமரனும் போய்விட்டார். மகள் செய்தி மதுரைக்கு வந்து சேர்வதற்குள் அவருக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள். அந்த மட்டில் புண்ணியம் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

அப்படியானால் தடுப்புக்கு அந்தப் பக்கம் கண் விழிப்பது யார்? மையத்தில் இருப்பவர்கள் 'நகல்' என்பார்கள். சுகந்தி அந்தச் சொல்லை வாயில் எடுத்ததில்லை. 'அவர்' என்றுதான் சொல்வாள்.

மையத்தின் தலைவி வஹிதா இதையெல்லாம் முதலில் எடுத்துச் சொன்னது காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து. தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

"அன்னிக்குக் காலைல சார் மூளையை முழுசாப் படி எடுத்தோம் இல்லையா மேடம், அது அந்த நிமிஷத்துலயே நிக்குது. எழுப்பினா அவருக்கு அந்தக் காலைதான். கண்ணாடித் தடுப்புல அவர் உருவமும் அறையும் தெரியும். பேசுவார், யோசிப்பார், கணக்குப் போடுவார். ஒரு பகல் தாங்கும். அதுக்கு மேல ஓட விட்டா எல்லாம் குழம்பிப் போயிடுது. சாயங்காலம் நிறுத்திட்டு, மறுநாள் திரும்ப அதே காலைலேருந்துதான் எழுப்பணும்."

"முந்தின நாள் நடந்தது ஞாபகம் இருக்காதா?"

"இருக்காது. அவருக்கு முந்தின நாள்னு ஒண்ணு கிடையாது."

இதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர் இளங்குமரனேதான். தலைக்குள் கட்டி என்று தெரிந்ததும் அவருக்கு உயிர்மேல் வந்த பயத்தைவிட ஊகத்தின்மேல் வந்த பயம்தான் பெரிது. பாதியில் விட்டுவிட்டுப் போகிறோமே என்ற பயம். ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஊகம் நிரூபணமானால் அன்றைக்கே நகலை அழித்துவிட வேண்டும், வேறு எந்தக் கணக்குக்காகவும் தன்னை எழுப்பிக்கொண்டிருக்கக் கூடாது.

ஊகம் என்றால் கொலாட்ஸ் ஊகம். அதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிவிடலாம். சனியன், அந்த எளிமையைக் காட்டித்தான் இத்தனை பேரைப் பிடித்தது. ஏதாவது ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைப்படை என்றால் பாதியாக்குங்கள். ஒற்றைப்படை என்றால் மும்மடங்காக்கி ஒன்றைக் கூட்டுங்கள். வருகிற எண்ணுக்கும் அதே மாதிரி செய்துகொண்டே போங்கள். ஏழில் ஆரம்பித்தால் இருபத்திரண்டு, பதினொன்று, முப்பத்துநாலு என்று ஏறி இறங்கி, கடைசியில் பதினாறு, எட்டு, நாலு, இரண்டு என்று வந்து ஒன்றில் விழும். எந்த எண்ணில் ஆரம்பித்தாலும் ஒன்றுக்கு வந்து சேரும் என்பதுதான் ஊகம். கோடிகோடியாக எண்களைப் போட்டுப் பார்த்தாகிவிட்டது, ஒன்றாவது வழி தவறிப் போனதில்லை. ஆனால் போட்டுப் பார்த்தது நிரூபணம் ஆகாது. ஏன் அப்படி என்று நூறு வருஷத்துக்கு மேலாக ஒருவராலும் சொல்ல முடியவில்லை. மூத்த கணிதக்காரர்கள் இளையவர்களைப் பார்த்து, அந்தப் பக்கம் போகாதே, வாழ்க்கை வீணாகிவிடும் என்று எச்சரிப்பார்கள். எச்சரித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் அதைத்தான் போட்டுப் பார்ப்பார்கள்.

இளங்குமரன் கதவைக்கூடச் சாத்தவில்லை. கல்யாணமாகிக் கொடைக்கானல் போன இடத்தில், ஏரியைப் பார்க்காமல் ஓட்டல்காரன் கொடுத்த காகிதத் துண்டுகளிலெல்லாம் கிறுக்கிக்கொண்டிருந்தார். சுகந்தி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள். அவளும் கணிதம் படித்தவளாகப் போய்விட்டதால், ஒரு துண்டை எடுத்துப் பார்த்து, இந்த இடம் தப்பு என்றாள். அங்கேயே இருவருக்கும் வேலை பிரிந்துவிட்டது.

அவருக்குத் தாவும் புத்தி. பத்துப் படியை ஒரே தாவலில் தாண்டிப்போய் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, "தெளிவு" என்பார். மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். சுகந்தி ஆட்ட மாட்டாள். "எனக்குத் தெளிவா இல்லை" என்பாள். அவர் முனகிக்கொண்டே திரும்பி வந்து ஒவ்வொரு படியாகக் கட்டிக் காட்ட வேண்டும். அவள் 'தெளிவு' என்று சொன்ன பிறகுதான் அது படி. இதுதான் அவர்கள் தொழில் தர்மம். சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களிலும் இந்த ஒரு வார்த்தை மட்டும் போய் வந்துகொண்டிருக்கும். முப்பது வருஷத்தில் அவள் தெளிவான ஒன்றைத் தெளிவில்லை என்றதில்லை, தெளிவில்லாத ஒன்றைத் தெளிவு என்றதும் இல்லை.

பாப்பாவுக்குக் கணக்கென்றால் எட்டிக்காய். ஊகத்துக்கு அவள் 'அக்கா' என்று பெயர் வைத்திருந்தாள். சாப்பாட்டு மேஜையில் அப்பா அம்மா இருவரும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், "இன்னிக்கு அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்பாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வருவதாகச் சொன்ன அப்பா வராமல் போனால், "அக்கா விடலையாக்கும்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அதில் பாதி சிரிப்பில்லை என்பது சுகந்திக்குத் தெரியும்.

வஹிதா கேட்டது இதுதான். இளங்குமரன் வேற்று ஆட்களோடு வாய் திறக்க மாட்டார், எதிரில் சுகந்தி இருந்தால்தான் தாவுவார். ஆகவே அவள் தினமும் வர வேண்டும். அன்றைக்குக் கட்டியிருந்த அதே பச்சைப் புடவை, அதே மாதிரி மை அடித்த தலை. ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போயிருக்கிறது, தொற்று வராமலிருக்கத் தனியறையில் வைத்திருக்கிறார்கள் என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும். மகளைப் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லக் கூடாது. சொன்னால் அன்றைய பகல் போச்சு.

"உங்களால முடியலைன்னா வேண்டாம் மேடம்" என்றும் சொன்னாள் வஹிதா. நல்ல பெண்தான்.

சுகந்தி முடியும் என்றாள். ஊகத்துக்காக என்று அவளும் நினைத்தாள், வஹிதாவும் நினைத்தாள். முதல் நாள் காலை அவர் விழித்து மூக்குக் கண்ணாடியைத் தேடியபோதே அது ஊகத்துக்காக இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வேலை என்னவோ நடந்தது. முந்தின நாள் அவர் போட்டதை மறுநாள் காலையில் தன் பலகையில் எழுதி, ராத்திரி தூக்கம் வராமல் நான் போட்டுப் பார்த்தேன் என்று சொல்வாள். அவர் அதை வாங்கிக்கொண்டு மேலே போவார். ஒவ்வொரு நாளும் புதிதாகத் தூங்கி எழுந்த மூளை, களைப்பே தெரியாத மூளை. உயிரோடிருந்த காலத்தில் மாசக்கணக்கில் முட்டி நின்ற இடங்களை வாரக்கணக்கில் தாண்டினார். மையத்தில் ஒரு இயந்திரம் படிகளைச் சரிபார்த்துக்கொண்டே வந்தது. சுகந்தி 'தெளிவு' என்று ஒப்பி அனுப்பிய படியைத்தான் அதற்குள் ஏற்றுவார்கள்.

விலை இல்லாமல் எதுவும் கிடைப்பதில்லை. அவள் அழக் கூடாது. ராத்திரி அழுதால் காலையில் கண் வீங்கியிருக்கும், அவர் பார்த்துவிடுவார். ஆகவே அழவில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் அழவைத்துவிடுவார்கள் என்று கதவைத் திறக்காமல் இருந்தாள். எதிர்வீட்டுப் பரிமளா நாலைந்து முறை வந்து மணியடித்துப் பார்த்துவிட்டு, பிறகு வருவதை விட்டுவிட்டாள். பணக்காரக் கொழுப்பு, படிச்ச திமிர் என்று தெருவில் என்னென்னவோ சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும் என்று இருந்துவிட்டாள்.

போன கார்த்திகையில் ஒரு மத்தியானம் இளங்குமரன் பலகையில் எழுதி முடித்து, சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார்.

"அவ்வளவுதான் சுகந்தி. தெளிவு."

சுகந்தி பார்த்தாள். கடைசிப் படி. வெறும் ஒன்றரை வரி. அதில் ஓட்டை இல்லை, ஒட்டு இல்லை. கோயில் குளத்தில் அடிப்படி தெரிகிற மாதிரி தெரிந்தது. முப்பது வருஷம் எதற்காக உட்கார்ந்திருந்தாளோ அது கண்ணுக்கு முன்னால் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

"எனக்குத் தெளிவா இல்லை" என்றாள்.

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முனகவில்லை. "சரி, நாளைக்குப் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு தினமும் அவர் அந்த ஒன்றரை வரிக்கு வந்து சேர்வதும், அவள் தெளிவில்லை என்பதும், நாளைக்குப் பார்ப்போம் என்று அவர் சொல்வதுமாகப் பங்குனி வந்துவிட்டது. மையத்துக்குப் பணம் கொடுக்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். எத்தனை வருஷமானாலும் காத்திருக்க வைப்பாள் சுகந்தி. அவள் ஒப்பாத படியை இயந்திரத்தில் ஏற்ற யாராலும் முடியாது. தப்பு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த அறையை விட்டால் இந்த உலகத்தில் அவளுக்குப் புருஷன் இருக்கிற இடம் வேறு ஏது? மகள் வந்துகொண்டிருக்கிற ரோடு வேறு ஏது?

வஹிதா அவளை அறைக்குக் கூப்பிட்டது அந்தப் பங்குனியில்தான். பணத்தைப் பற்றிப் பேசப்போகிறாள் என்று பதில்களைத் தயார் செய்துகொண்டு போனாள் சுகந்தி. வஹிதா தேநீரை ஆறவிட்டு, வேறு எதையோ பேசினாள்.

"தினம் காலைல சார் கொஞ்ச நேரம் நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு போர்டைப் பார்த்து நிக்கிறாரே, கவனிச்சிருக்கீங்களா?"

"யோசிப்பார். வீட்டுலயும் அப்படித்தான்."

"நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். ஆனா அந்த நேரத்துல அவர் கணக்கே போடலை மேடம். கணக்குப் போடுறப்ப வேலை செய்யுற இடமெல்லாம் அணைஞ்சு கிடக்கு. வேற ஒரு இடம் எரியுது. இயந்திரத்துல கோளாறுன்னு இத்தனை நாளா விட்டுட்டோம். நேத்து எங்க எஞ்சினியர் பழைய பதிவையெல்லாம் எடுத்துப் பார்த்தார்." வஹிதா தலையைக் குனிந்துகொண்டாள். "வலி வந்தா எரியுற இடமாம்."

"எத்தனை நாளா?"

"எல்லா நாளும். முதல் நாள்லேருந்து."

மறுநாள் காலை வழக்கம்போல அவர் விழித்தார், கேட்டார், சேலம் தாண்டிட்டாளாம் என்று இவள் சொன்னாள். பலகையில் எழுதியிருந்ததைப் படித்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒன்றரை வருஷமாகப் பார்த்த முதுகுதான். அன்றைக்குப் பார்க்க முடியவில்லை.

"என்னங்க, அங்க நின்னுக்கிட்டு என்ன யோசிக்கிறீங்க?"

அவர் உடனே திரும்பவில்லை. சட்டைக் கையால் முகத்தைத் துடைக்கிற மாதிரி தெரிந்தது. திரும்பியபோது முகம் சாதாரணமாக இருந்தது.

"கேக்குறியா?"

"கேக்குறேன்."

"கேட்டுட்டா பொய் சொல்ல எனக்கு வராது. பாப்பா போயிட்டாளேன்னு நின்னுக்கிட்டிருந்தேன்."

சுகந்தி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் பாடம் நடத்துகிற குரலில், மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். பாப்பா எந்தக் காலத்தில் நேரத்துக்கு வந்திருக்கிறாள்? அவள் தாமதமானால் சுகந்தி எப்படிப் பேசுவாள்? கழுதை இன்னும் கிளம்பியிருக்காது, கேட்டால் சேலம் தாண்டிட்டேன்னு புளுகும், இந்த வீட்டில் யாருக்காவது நேரம் காலம் உண்டா என்று அப்பனையும் சேர்த்துத்தானே வைவாள்? இன்றைக்கு வந்துக்கிட்டே இருக்கா என்று பூப்போலச் சொன்னாள். உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பற்றி எந்தத் தாயும் அப்படி மெத்தென்று பேசுவதில்லை.

"அப்புறம் இந்தப் புடவை. நேத்துப் பிரிச்ச புதுப் புடவை. இன்னிக்கு நூல் நூலா இருக்கு. அப்புறம் போர்டு. ராத்திரி நீ போட்டேன்னு காட்டுறியே, இது உன் கை இல்லை சுகந்தி. நீ ஒரு படி விட்டு ஒரு படி தாண்டினதா சரித்திரமே கிடையாது. தாவுறது என் புத்தி. அப்ப நான் பல நாளா இங்க இருக்கேன், அது எனக்கே தெரியலை. மூளையை நகல் எடுக்கக் கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருக்கே. நான் செத்துட்டேன்கிறது கிளை முடிவு. அதுக்குத் தனி நிரூபணம் வேண்டியதில்லை."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"முதல் நாளும் இப்படித் திரும்பி நின்னேனா?" என்று கேட்டார்.

"நின்னீங்க."

"ஏதாவது சொன்னேனா?"

"ஒண்ணும் சொல்லலை."

"அப்ப முதல் நாளே தெரிஞ்சிருக்கு. ஒவ்வொரு காலையும் நான் அதே ஆளு, நீ அதே குரல். ஒரு நாள் தெரிஞ்சா அடுத்த நாளும் தெரிஞ்சுதான் ஆகணும். நீ முப்பது வருஷமா பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான். முதல் படி சரி, ஒரு படி சரின்னா அடுத்த படியும் சரி. அப்ப..."

"எல்லாப் படியும் சரி" என்றாள் சுகந்தி. தொழில் பழக்கம், வாய் தானாக முடித்துவிட்டது. முடித்த பிறகுதான் முடித்தது என்னவென்று உறைத்தது.

அவள் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நினைப்பில்தான் ஒன்றரை வருஷத்தை ஓட்டியிருந்தாள். அவளுக்காவது மகள் செத்த செய்தி ஒரு தடவைதான் வந்தது. அவருக்கு அதை ஒவ்வொரு காலையும், புடவை கட்டி, தலைவாரி, கையோடு கொண்டுபோய்க் கொடுத்தவள் இவளே. பிறகு அதை நாளைக்கும் கொடுக்க வேண்டும் என்பதற்காகக் கடைசிப் படியையும் மறித்து உட்கார்ந்திருக்கிறாள். தன்மேல் இத்தனை அருவருப்பு வரும் என்று அவள் நினைத்ததில்லை.

"ஏங்க சொல்லலை?"

"கடைசிப் படி உனக்குத் தெரியும். நீ காட்டினதுலயே எனக்குத் தெரியுது, உனக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சும் தெளிவில்லைன்னு சொல்லி நிறுத்தி வெச்சிருக்கே. நீ போய் அப்படிச் சொல்றதுன்னா எவ்வளவு வலி இருக்கணும். பாப்பா வந்துக்கிட்டு இருக்கான்னு நீ சொல்லிக்கிறதுக்கு இந்த ஒரு இடம்தான் மிச்சம். அதை நான் எப்படிப் பிடுங்குவேன்? நீ கேக்கலை, நான் சொல்லலை."

சாயங்காலம் நெருங்கி அவருக்குச் சொற்கள் தடுமாற ஆரம்பித்தபோது ஒன்று சொன்னார். நாளைக்கு இது எதுவும் தனக்கு ஞாபகம் இருக்காது. அவள் திரும்பவும் சேலம் என்று சொன்னால், தானும் திரும்பவும் போர்டுப் பக்கம் திரும்பி நிற்பார், கேட்காத வரை சொல்ல மாட்டார். எப்படிச் செய்தாலும் தனக்குச் சம்மதம் என்றார்.

மனிதப் பிறவியைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டும் என்றால், மறுநாளே அவள் எல்லாவற்றையும் முடித்துவைத்தாள் என்று சொல்லலாம். நடந்தது அப்படியில்லை. மறுநாள் அவள் அதே பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, "பாப்பா வந்துட்டாளா?" என்றார். அவர் முகத்தில் அந்த நேரத்தில் இருந்த எதிர்பார்ப்பைப் பார்த்துவிட்டு வேறெதுவும் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"சேலம் தாண்டிட்டாளாம்" என்றாள்.

இந்தத் தடவை அவள் பார்த்தாள். என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்து பார்த்தாள். குரலைக் கேட்டு அவர் புருவம் லேசாகச் சுருங்கியது. பார்வை புடவைத் தலைப்புக்கு இறங்கியது. அங்கிருந்து பலகைக்குப் போயிற்று. ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல், அவர் மகளின் சாவை நோக்கி நடந்துபோவதை அவள் உட்கார்ந்து பார்த்தாள். வந்து சேர்ந்ததும் திரும்பி நின்றுகொண்டார். தோள் இரண்டும் கொஞ்சம் குலுங்கின. சத்தம் வராமலிருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார் என்று பின்கழுத்தைப் பார்த்தே தெரிந்தது.

சுகந்தி எழுந்துபோய்த் தடுப்பில் உள்ளங்கையை வைத்தாள்.

"என்னங்க, திரும்புங்க. மறைக்க வேண்டாம். பாப்பா போயிட்டா. தொப்பூர்ல, வர்ற வழில."

அவர் திரும்பினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. முகமெல்லாம் நனைந்து, மூக்குக் கண்ணாடி பனித்துப்போய் நின்றார். அவள் வாய்விட்டு அழுதாள். அந்தப் பிள்ளைக்காக வயிறு எரிய அழ இந்த உலகத்தில் இரண்டே பேர்தான் உண்டு, அவளும் அவரும். அந்த இரண்டு பேரும் ஒரு கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் துக்கத்தை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இதைவிடப் பைத்தியக்காரத்தனம் உண்டா?

அன்று கணக்கே நடக்கவில்லை. கட்டுப்பாட்டு அறையில் அவர் கணக்குப் போடுவதைக் காட்டும் வரைகோடு காலையில் விழுந்தது விழுந்தபடியே கிடந்ததாம். இயந்திரத்தை நிறுத்திவிடலாமா என்று எஞ்சினியர் கேட்டபோது, வஹிதா அவரை வெளியே அனுப்பிவிட்டுத் தானும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டதாகப் பிறகு சொன்னாள்.

அவர்கள் பாப்பாவைப் பற்றிப் பேசினார்கள். எட்டாம் வகுப்பில் கணக்கில் தேறாமல், அந்தத் தாளை நாய்க்குட்டி தின்றுவிட்டது என்று சொல்லி, அதற்குச் சாட்சியாகத் தெருநாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தது. அந்த நாய் பதினோரு வருஷம் வீட்டில் இருந்தது. முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வாங்கிய செருப்பு ஒரு அளவு சின்னது, அது காலைக் கடிக்கக் கடிக்க அதையே அவர் போட்டுக்கொண்டு திரிந்தது. ஆண்டு விழாவுக்குப் போகாமல் விட்டதை அவராகவே எடுத்தார். மூன்று வருஷம் தொடர்ந்து போகவில்லை என்றார். இரண்டு வருஷம்தான் என்றாள் இவள். இல்லை, மூன்று என்று அவர் சொல்லி, அதற்கும் கொஞ்சம் அழுதார். சிரிப்பும் வந்தது. பலகாரம் ஊசிப்போகிறதே என்று சாவு வீட்டில் பிள்ளைகள் திருடித் தின்பது போல, இருவரும் நடுநடுவே சிரித்துக்கொண்டார்கள்.

வெயில் சாயும்போது அவர் பலகையைப் பார்த்தார்.

"மூத்தவளைக் கரையேத்திடலாமா?" என்று கேட்டார்.

சுகந்திக்குப் புரிந்தது. தன் பலகைக்குப் போய் அந்த ஒன்றரை வரியைத் தன் கையால் எழுதினாள். கார்த்திகையிலிருந்து கண்ணை மூடினால் தெரிகிற வரி, யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எழுதி முடித்து, அவர் பக்கம் திரும்பி, "தெளிவு" என்றாள்.

அவர் தலையசைத்தார். சந்தோஷமா என்று கேட்டாள். நூறு வருஷமாக யாருக்கும் கிடைக்காதது கையில் இருக்கிறது, சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும் என்றார். பிறகு, பாப்பா இருந்திருந்தால் ஒழிஞ்சாளா அக்கா என்று கேட்டிருப்பாள் என்றார். அதற்கப்புறம் அவருக்குச் சொற்கள் கோர்வையாக வரவில்லை. சுகந்தி தடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அவர் கண் மூடும்வரை நின்றாள்.

வஹிதா வாசலில் காத்திருந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. படி இயந்திரத்தில் ஏறிவிட்டது, ஊகம் நிரூபணமாகிவிட்டது என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். பிறகு இன்னும் தாழ்த்திக்கொண்டு, நகலை அழிப்பதை ஒரு வாரம் தள்ளிப்போட முடியும், தன்னால் ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ள முடியும் என்றாள்.

"வேண்டாம் வஹிதா" என்றாள் சுகந்தி. "எழுப்பினா பாப்பா வந்துட்டாளான்னுதான் கேப்பார். இன்னிக்கே முடிச்சிடுங்க."

முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். எல்லா ஊர்ச் செய்தியிலும் அவள் படம் வந்தது, தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

காலையில் எழுந்தபோது போக இடமில்லை. கட்டிக்கொள்ள ஒரு குறிப்பிட்ட புடவை இல்லை. கண் வீங்கிவிடுமே என்று பயப்பட ஆள் இல்லை. கூடத்து ஜன்னலைத் திறந்து வைத்தாள். திறந்த கையோடு தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரு கதறல் வந்தது. தெருவே திரும்பிப் பார்க்கிற கதறல்.

எதிர்வீட்டுப் பரிமளா போட்டது போட்டபடி கை ஈரத்தோடு ஓடிவந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"ஐயோ, என்னாச்சுக்கா?"

"எங்க வீட்டுக்காரரும் பொண்ணும் போயிட்டாங்க பரிமளா" என்றாள் சுகந்தி.

இரண்டு பேரையும் எடுத்த அன்று வாசலில் நின்று பார்த்தவள்தான் பரிமளா. அது நடந்து எவ்வளவு நாளாயிற்று என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, சுகந்திக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, அவளைக் கட்டிக்கொண்டாள்.

"எப்படிக்கா ஆச்சு?" என்று கேட்டாள்.